ஞானம் அண்ணன் பூச்சி

பூச்சியின் வயிறு வெந்து முடிகிறவரைக்கும் தாணுமாலயனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. சின்னக் கண்ணாடிக் குழாயில் பொட்டாஷ் கரைசல், அதற்குள் சீரகம் போல ஒரு வயிறு, குழாயை நிறுத்தி வைத்திருப்பது ஒரு டம்ளர் வெந்நீரில். அவசரப்பட்டால் கரைந்து கூழாகிவிடும், ஆறவிட்டால் கட்டையாகக் கிடக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். சனிக்கிழமை மதியம், விவசாயக் கல்லூரியில் ஈ காக்கை இல்லை. ஈ இருந்தது என்று சொல்லலாம், அலமாரி நிறைய, ஊசியில் குத்தியபடி. ரசகற்பூர வாசனையும் பழைய மரத்தின் வாசனையும் சேர்ந்த இந்த அறையில்தான் அவர் தலைமுடி நரைத்தது. சிறகு ஆளை ஏமாற்றும் என்று அவர் வகுப்பில் சொல்வார். ஒரே இனத்தில் ஒன்று வெளுத்திருக்கும், ஒன்று பழுத்திருக்கும், மழைக்காலத்தில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். ஏமாற்றாதது ஆண் பூச்சியின் வால் முனையில் இருக்கும் இடுக்கி போன்ற உறுப்பு. அதைப் பார்க்க வேண்டுமானால் வயிற்றை ஒடித்து வேகவைத்துத்தான் ஆகவேண்டும். பூச்சியின் வயிறு பொட்டாஷில் வெந்துகொண்டிருந்தது. அவருடைய வயிறு அந்த உதவி இல்லாமலே வெந்து முப்பது வருஷத்துக்குப் பக்கம் ஆகிறது.

காரணம் அந்தப் பூச்சியின் பெயர். ஞானதிரவியமி. ஞானதிரவியம் என்கிற அவருடைய சிநேகிதன் பெயரில் ஒரு வெள்ளைக்காரர் வாலாக ஒரு இகரத்தை ஒட்டிவிட்டார், அவ்வளவுதான், ஆள் சாகாவரம் வாங்கியாயிற்று. கண்டுபிடித்தவன் தன் பெயரைத் தானே பூச்சிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, அது இந்தத் தொழிலில் மகா அசிங்கம். வேறொருவர்தான் வைக்கவேண்டும். பிடித்தவன் பெயரை வைப்பது ஒரு மரியாதை. பிடித்தவன் யார் என்று ஊசியில் குத்தியிருக்கும் சீட்டு சொல்லும். அந்தச் சீட்டில் ஞானதிரவியம் என்று இருந்தது. பிடித்தது தாணுமாலயன். இதைச் சொல்லிவிட்டால் கதையில் மறைக்க வேறு ஒன்றும் இல்லை. இப்போது ஹாலந்திலிருந்து ஒரு பெண் மின்னஞ்சல் எழுதியிருக்கிறாள். உங்கள் குமரி மலைப் பூச்சியும் எங்களிடம் இருக்கும் ஜாவாப் பூச்சியும் ஒன்றுதான் என்று எனக்குச் சந்தேகம், சிறகில் வித்தியாசமே இல்லை, ஜாவாப் பூச்சியின் இடுக்கியில் ஒரே ஒரு முள், படம் இணைத்திருக்கிறேன், உங்களுடையதைப் பார்த்துச் சொல்லுங்கள், தோற்றமும் பரவலும் சுருக்கமாக எழுதி அனுப்பினால் நன்றி. ஒன்றுதான் என்று ஆகிவிட்டால் முதலில் வைத்த பெயர் நிற்கும், பிந்தின பெயர் விழும். ஜாவாப் பூச்சிக்குப் பெயர் வைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆக, ஞானதிரவியத்தின் பெயர் இருக்குமா போகுமா என்பது இப்போது தாணுமாலயனின் டம்ளருக்குள் நின்றுகொண்டிருந்தது.

நான் நியாயமாகத்தான் சொல்வேன் என்று அவர் தனக்குள் சொன்னார். சொன்ன மாத்திரத்திலேயே, அதை எதற்கு இப்போது சொல்லிக்கொள்கிறாய் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு முள்தான் இருக்கும். இருக்கவேண்டும். இருந்தால் அது உண்மை, உண்மையைச் சொன்னால் யார் என்ன சொல்லமுடியும். ஆனால் உண்மையைச் சொல்லும்போது இவ்வளவு சந்தோஷம் வரக்கூடாதே. காலையில் பல் தேய்க்கும்போதே சந்தோஷம் வந்துவிட்டது. இட்லி கூட ஒன்று அதிகம் உள்ளே போயிற்று. என்ன இன்னைக்கு முகம் தெளிஞ்சிருக்கு என்று மனைவி பகவதி கேட்டாள், கேட்டுவிட்டு அவளே, ஞானம் அண்ணன் வாறாரா என்றாள். பாருங்கள், வீட்டில் முகம் தெளிந்தால்கூட அதற்கு ஞானம் அண்ணன் காரணமாக வேண்டியிருக்கிறது. அவன் வந்தால்தான் அந்த வீட்டில் ரசவடை. அவன் ஒரு வடை எடுத்தால் இவள் இன்னொன்றை வைப்பாள், போதும் பகவதி போதும் என்று அவன் கையால் இலையை மறைப்பான், விரலிடுக்கு வழியாக அவள் வைப்பாள். தாணுமாலயன் கையால் இலையை மறைத்தால் அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இதையெல்லாம் ஒரு மனிதன் வெளியே சொல்லமுடியாது. சொன்னால் கேட்கிறவன் சிரிப்பான். சொல்லாமல் இருந்தால் உள்ளே கிடந்து புளிக்கும்.

டம்ளரில் விரல் வைத்துப் பார்த்தார், சூடு இருந்தது. ஊசியில் மிச்சமிருந்த பூச்சியை, வயிறில்லாத பூச்சியை, விளக்குக்கு நேரே பிடித்தார். தோற்றம் என்று எழுதவேண்டும். என்ன எழுத. காய்ந்த வைக்கோல் நிறம். முன்சிறகில் அடியிலிருந்து நுனிப்பக்கம் ஓடும் ஒரு வெள்ளிக் கோடு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் பழுப்புக் கரை, விளிம்பில் ஊசி முனையால் வைத்தது போலக் கறுப்புப் புள்ளிகள். பின்சிறகு வெறும் வெள்ளை. முகத்துக்கு முன்னால் உணர்மயிர் இரண்டும் சேர்ந்து நீண்டு மூக்கு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும், ஞானத்துக்கும் மூக்கு கொஞ்சம் அப்படித்தான், அதை எழுதமுடியாது. உட்காரும்போது சிறகை உடம்போடு சுருட்டிக்கொண்டு புல்லின் தாளில் தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். காய்ந்த புல்லில் காய்ந்த புல். காலடி பட்டால்தான் எழும்பும், நாலடி தள்ளி மறுபடியும் புல்லாகிவிடும். அன்றைக்கு அப்படித்தான் எழும்பியது. கோதையாற்றுக்கு மேலே, மழை விட்ட சாயங்காலம், மலை முழுக்க இடுப்பளவு புல், வலையின் துணி நனைந்து கனத்துத் தொங்கியது. அவர் கால் வைத்த இடத்திலிருந்து ஒரு வெள்ளிக் கோடு எழும்பி நாலடி தள்ளி மறைந்தது. இது நான் பார்த்ததில்லை என்று உடம்புக்கு முதலில் தெரிந்தது, புத்திக்குப் பிறகுதான் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு, கண்ணாடிக் குப்பியை அதன் தலைக்குக் கீழே கொண்டுபோய், இப்போது நினைத்தாலும் முட்டியில் அந்த ஈரம் ஏறுகிறது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஞானம் எங்கே இருந்தான். ஒரு ஞாபகத்தில் அவன் பக்கத்திலேயே நின்று டார்ச் அடிக்கிறான், வெளிச்சத்தில் பூச்சியின் கண் மினுங்குகிறது. இன்னொரு ஞாபகத்தில் அவன் தூரத்தில் ஜீப்பில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டில் எது நிஜம் என்று தெரியாமல்தான் இத்தனை வருஷமும் போயிற்று. டார்ச் அடித்தவன் என்றால் அவனுக்குத் தெரியும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டான், அவன் திருடன். ஜீப்பில் இருந்தான் என்றால் அவனுக்குத் தெரியாது, அவன் வெறும் அதிர்ஷ்டக்காரன். திருடன் என்றால் வெறுக்கலாம், அது சுலபம். அதிர்ஷ்டக்காரனை என்ன செய்வது.

அன்றைக்கு அவருடைய சீட்டுகள் நனைந்து கூழாகிப்போயிருந்தன. கையால் எழுதின சீட்டு, மை கரைந்துவிட்டது. ஞானத்திடம் அச்சடித்த சீட்டு உண்டு. அவனுடைய மாமாவுக்கு அச்சாபீஸ், கெட்டிக் காகிதத்தில் கடுகு எழுத்தில் பெயர் போட்டு ஒரு கட்டே கொடுத்திருந்தார், மெழுகுத்தாளில் சுற்றி வைத்திருப்பான், எந்த மழையிலும் நனையாது. எடுத்துக் குத்தும்வே, பொறவு மாத்திக்கிடலாம் என்றான். அவர் குத்தினார், எந்தெந்தப் பூச்சிக்கு என்று அவன் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்தப் பிறகு இருக்கிறதே, அதைப் போல ஒரு மோசக்காரனை அவர் பார்த்ததில்லை. பெட்டி கட்டி அனுப்பும் அவசரம், பகவதிக்குத் தலைப்பிரசவம், பிறந்தவளுக்கு மஞ்சள் காமாலை, எல்லாம் முடிந்து ஞாபகம் வந்தபோது பூச்சி கடல் தாண்டிப் போயாயிற்று. ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். ஐயா, அது என் பூச்சி. அப்படி எழுதக் கை கூசியது. ஒரு பூச்சிக்காக இப்படி அலைகிறானே என்று அந்த வெள்ளைக்காரர் நினைத்துவிட்டால். அந்த ஆள் இடுக்கியைப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை, சிறகை மட்டும் பார்த்துப் புது இனம் என்று எழுதிவிட்டார். அது அச்சாகி வந்த நாள் ஞானம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான், என்னவே, நம்ம பூச்சிக்குப் பேரு வந்துட்டு என்று. நம்ம. அந்த ஒரு சொல்லைத் தாணுமாலயன் எத்தனை தடவை புரட்டிப் பார்த்திருப்பார். நம்ம என்றால் அவனுக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம். இல்லை, சும்மா வாய்ப்பேச்சா. பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனான். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே தாணுமாலயன் காத்திருந்தார், இப்போது சொல்வான், அது நீரு பிடிச்சதுல்லா என்று இப்போது சொல்வான். சால்னா ஆறியதுதான் மிச்சம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பூச்சி ஒரு மலையில் கிடந்து ஒழிந்திருக்கலாம். அது பரவியது. பரவியது என்று சொல்வதும் சரியில்லை, அது அங்கெல்லாம் முன்பே இருந்தது, ஆட்கள் இப்போதுதான் பார்த்தார்கள். முதலில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஒருவன் பார்த்தான். பிறகு இலங்கை மலைத்தோட்டத்தில். பிறகு பர்மாவிலிருந்து ஒரு செய்தி. ஒவ்வொரு செய்தி வரும்போதும் யாரோ தன் காலை மிதித்துக்கொண்டு போவது போல இருந்தது. ஞானதிரவியம் போகாத ஊருக்கெல்லாம் அவன் பெயர் போயிற்று. அவனோ இந்தத் தொழிலையே விட்டுவிட்டு உத்தியோகத்தில் மேலே மேலே ஏறி, கார், டிரைவர், சென்னையில் பெரிய நாற்காலி, ஓய்வு பெற்று இப்போது குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரம்புட்டான் தோட்டம். அவன் பூச்சியைத் தொட்டு யுகம் ஆயிற்று. தொட்டுக்கொண்டே இருந்தவன் பெயரில் ஒரு கொசு கூட இல்லை. போதாக்குறைக்கு அந்தப் பூச்சி வீட்டுக்கும் வந்தது. புரட்டாசி மழைக்குப் பிறகு, கொல்லையில் புல் தழைத்ததும், சாயங்காலம் டியூப்லைட் போட்டால் சுவரில் ஒரு வைக்கோல் துணுக்கு தலைகீழாக ஒட்டியிருக்கும். இதுதான் அந்தப் பூச்சி என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தார், பிடித்தது யார் என்பதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பகவதிக்கு அது ஞானம் அண்ணன் பூச்சி. பிறகு பூச்சி என்ற சொல்லும் போய்விட்டது. ஞானம் அண்ணன் வந்திருக்காரு பாருங்க என்று அடுக்களையிலிருந்து ராகமாகச் சொல்வாள். அவர் எழுந்து போய் லைட்டை அணைப்பார். கண்ணு கூசுது என்பார். அவள் இருட்டில் கீரை ஆய்வாள்.

வெந்திருக்கும். குழாயை எடுத்து வயிற்றைத் தண்ணீரில் விட்டு, பூனைமுடித் தூரிகையால் செதிலைத் தள்ளினார். செதில் புகை மாதிரி கலைந்தது. கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். முதலில் ஒன்றுமில்லை, தேன் நிறத்தில் ஒரு கலக்கம். திருகினார். இடுக்கி தெரிந்தது, ஒரு பக்கம், மறு பக்கம். முள். ஒன்று. ஒன்றுதான். ஒன்றுதான் ஞானம், உன் கதை முடிந்தது, ஹாலந்துக்காரி சொன்னது சரி. நல்ல பெண், அறிவான பெண். அப்படியே ஊசி முனையால் இடுக்கியை லேசாகத் திருப்பினார், கடமைக்காக, எப்போதும் திருப்புகிற பழக்கத்தால். மடிப்புக்கு உள்ளே, முதல் முள்ளின் அடியில், இன்னொன்று. சின்னது. பால் பல் மாதிரி. இரண்டாவது முள். மறுபடி திருகிப் பார்த்தார், தூசி இல்லை, கிழிசல் இல்லை, முள்தான். உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காத முள். அதைப் பார்த்த அந்த நிமிஷம் அவருக்குப் பொறாமை கிடையாது, ஞானம் கிடையாது, வயசு கூடக் கிடையாது, முட்டியில் ஈரம் ஏறியது, என் பூச்சி என்று வாய் விட்டுச் சொன்னார். அறையில் யாரும் இல்லை. ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம், அப்படியானால் அவன் பெயர் நிற்கும், இனி யாரும் அசைக்கமுடியாது, அசைக்கமுடியாமல் ஆணி அடித்துக் கொடுப்பது நீ என்று உள்ளே அந்தக் குரல் சொன்னது. ஊசி கையில் இருந்தது. முள்ளோ முடியில் பாதி. ஊசி வழுக்குவது சகஜம். எத்தனை மாணவர்கள் வழுக்கி ஒடித்திருக்கிறார்கள், போகட்டும் விடு என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒடிந்தால் ஒரு முள். ஒரு முள் என்றால் ஜாவா. வேறு பூச்சியை யாராவது வேகவைத்துப் பார்க்கிறவரை ஜாவா, யார் பார்க்கப்போகிறார்கள். ஊசியை அருகே கொண்டுபோனார். மைக்ரோஸ்கோப்பில் அது கடப்பாரை போலத் தெரிந்தது. கை நடுங்கவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஊசியைக் கீழே வைத்தார். ஒடிப்பதற்கு முன்னால் அவன் குரலைக் கேட்கவேண்டும் போலிருந்தது. பெயர் போகப்போகிறது என்று சொன்னால் அவன் என்ன சொல்வான். பதறுவான். தாணு, உம்மால ஏதாவது செய்யமுடியுமா என்பான். அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும், பிறகு ஒடிக்கக்கூட வேண்டாம். செல்போனை எடுத்தார்.

"யாரு, தாணுவா? என்னவே, ஆளையே காணோம். இருக்கேரா போயிட்டேரான்னு நெனச்சேன்" என்றான் ஞானதிரவியம். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"ஒரு காரியமாட்டுத்தான் கூப்பிட்டேன். அந்தப் பூச்சி விசயம்."

"எந்தப் பூச்சி வே?"

தாணுமாலயனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "உம்ம பேருல உள்ள பூச்சி."

"எம் பேருலயா? நில்லும், நில்லும்." மோட்டாரை அணைக்கச் சொல்லி யாரிடமோ கத்தினான். "கோதையாத்து மலையில, புல்லுல கெடக்குமே, அதா? அது இன்னுமா இருக்கு?"

"ஜாவாவுல உள்ளதும் இதும் ஒண்ணுதான்னு ஒரு பொம்பள சொல்லுகா. ஒண்ணுன்னு ஆயிட்டா உம்ம பேர எடுத்துருவாங்க."

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க, எனக்கென்ன. அது நீரு புடிச்சதுல்லா? நான் டார்ச்சுதானே அடிச்சேன். அய்யோ, அன்னைக்குக் காலெல்லாம் அட்டை, ஜீப்புல வந்து உக்காந்து ஒண்ணொண்ணா உப்பு வச்சு எடுத்தேன், அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. எம் பேர எதுக்கு வச்சான் அந்த வெள்ளக்காரன்னு அப்பமே நெனச்சேன் பாத்துக்கிடும். உம்மகிட்ட சொல்லணும்னும் நெனச்சேன். பொறவு மறந்துட்டு. நல்ல வேளை நீரே கூப்பிட்டேரு. இந்த ரம்புட்டான் காயில ஒரு புழு விழுது, கேட்டேரா, என்ன அடிக்கலாம்?"

தாணுமாலயன் மருந்தின் பெயரைச் சொன்னார். எவ்வளவு தண்ணீரில் கலக்கவேண்டும், வெயில் ஏறுமுன் அடிக்கவேண்டும் என்றும் சொன்னார். போனை வைத்தார். டார்ச்சும் அடித்திருக்கிறான், ஜீப்பிலும் இருந்திருக்கிறான். இரண்டு ஞாபகமும் நிஜம். திருடனும் இல்லை, ஒன்றும் இல்லை. மறந்துவிட்டான். ராத்திரி ராத்திரியாக அவர் புரட்டிப் புரட்டிப் படுத்ததை, ஒவ்வொரு ஊர்ச் செய்தியையும் மென்று விழுங்கியதை, அவன் ஒரு நாள் கூடச் சுமக்கவில்லை. பெயரும் அவனுக்கு, அதை மறந்துபோகிற சுகமும் அவனுக்கு. இதுவரை வந்த பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை, இப்போது வந்ததுதான் பொறாமை என்று அவருக்குத் தெரிந்தது. அழுகை வந்திருந்தால் அழுதிருப்பார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். இரண்டாவது முள் அங்கேயேதான் இருந்தது. இதை ஒடித்தால் ஞானத்துக்கு எங்கே வலிக்கும். அவன் புழுவுக்கு மருந்தடித்துக்கொண்டிருப்பான். பூச்சி ஜாவாக்காரனோடு போய்ச் சேரும், கோதையாற்றுச் சாயங்காலம் கணக்கில் இல்லாமல் போகும், பிறகு அவருக்கு என்று இருக்கப்போவது என்ன. அவன் பெயர் இருக்கிறவரைதான் அவருடைய பூச்சியும் இருக்கும். பிசின் ஒரு சொட்டு வைத்து, மேல்கண்ணாடியை மூச்சு விடாமல் இறக்கி மூடினார். ஹாலந்துக்கு எழுதினார். முள் இரண்டு. ஜாவாப் பூச்சி வேறு, இது வேறு. பெயர் நிற்கும். தோற்றம் எழுதினார், மூக்கைப் பற்றியும் எழுதினார். பரவல் என்ற இடத்தில் குமரி மலை, கேரளம், இலங்கை, பர்மா என்று வரிசையாக எழுதி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நாகர்கோவிலில் வீட்டு விளக்குகள் என்றும் சேர்த்தார். அனுப்பினார். அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.

வீட்டில் செருப்பைக் கழற்றுமுன்னே பகவதி அடுக்களையிலிருந்து சொன்னாள். "ஞானம் அண்ணன் போன் பண்ணினாரு. காலைல இங்க வாறாராம். ரசவடை தின்னு எவ்வளவு நாளாச்சுன்னாரு, கேக்கதுக்கே பாவமா இருந்து. பருப்பு நனையப் போடணும்." ரசவடை ஞாபகம் இருக்கிறது அவனுக்கு. தாணுமாலயன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். டியூப்லைட்டுக்குக் கீழே, காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு வைக்கோல் துணுக்கு தலைகீழாக ஒட்டியிருந்தது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள ஒருத்தர் வந்தாச்சு" என்று சிரித்தாள், வழக்கம்போல இவர் சுவிட்சுக்குப் போவார், இருட்டில் கால் படும் என்று அரிவாள்மணையை நகர்த்தி வைத்தாள். அவர் சுவிட்சுக்குப் போகவில்லை. அடுக்களையில் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துத் துடைத்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சேர்த்து அதன்மேல் கவிழ்த்தார், காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அடியில் நுழைத்து, அலுங்காமல் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். கொல்லையில் போய் ஒரு புல் தாள் பறித்து வந்து உள்ளே விட்டார். பூச்சி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புல்லில் தலைகீழாகப் போய் ஒட்டிக்கொண்டது.

"என்ன செய்யுதீங்க?" என்றாள் பகவதி.

"காலைல அவன் வரும்போது காட்டணும்" என்றார். "இனி மறக்கப்பிடாது."